மாணவர் செய்தித்தாள்: எழுதுவதும் அச்சேற்றுவதும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் கல்விக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)



நம் மேல்நிலைப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பையும் பதினொன்றாம் வகுப்பையும் சேர்ந்த மாணவ மாணவியர் சிலர், மாதம் ஒரு முறை நான்கு பக்க அளவில் ஒரு செய்தித்தாள் வெளியிட அனுமதி கோரி விண்ணப்பம் அளித்திருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். அவ்விண்ணப்பம் நிர்வாகக் குழுவின் முன் வைக்கப்பட்டபோது மூன்று கேள்விகள் எழுந்தன. செலவை யார் ஏற்பது? படிப்பு கெடாதா? அச்சுக்குப் போகுமுன் அதனைப் பார்வையிட்டு ஒப்புதல் தரும் பொறுப்பு யாருடையது? முதலிரு கேள்விகளுக்கும் விடை கூறுதல் எளிது. மூன்றாவது கேள்விக்காகவே கல்விக் குழுவினராகிய நாங்கள் இன்று சற்று நீண்ட நேரம் எடுத்துக்கொள்ள நேர்கிறது, பொறுத்தருள வேண்டுகிறோம்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் பள்ளி ஆண்டு மலர் வெளியிடுகிறது. அதில் வாழ்த்துரைகள் இருக்கும்; பரிசு பெற்றோரின் நிழற்படங்கள் இருக்கும்; மாணவர்கள் எழுதித் தந்த கவிதைகள் இருக்கும். அக்கவிதைகளுள் எத்தனை அவர்களே எழுதியவை என்பதைத் தமிழாசிரியர் ஒருவரே அறிவார். தமிழகப் பள்ளிக்கல்வித் துறையும் 2022 முதல் மாணவர்களுக்காக ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்னும் இதழ்களை வெளியிடத் தொடங்கியது. இவையெல்லாம் நல்ல முயற்சிகளே. எனினும் இவை மலர்கள், இதழ்கள் என்னும் வகையைச் சார்ந்தவை. செய்தித்தாள் வேறு. மலருக்கு எழுதுபவன் தன் மனத்திலிருப்பதை எழுதுகிறான். செய்திக்கு எழுதுபவன் எழுந்து சென்று மற்றொருவரிடம் கேட்டு, கேட்டதைச் சரிபார்த்து, பிறகே எழுத இயலும். பிள்ளைகள் விண்ணப்பத்தில் ‘செய்தித்தாள்’ என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். அச்சொல்லை அவர்கள் அறிந்தே எழுதியிருக்கிறார்கள் என்பதை அவர்களோடு உரையாடியபோது உணர்ந்தோம்.

பள்ளி மாணவர் செய்தித்தாள் என்பது புதுமையானது அன்று. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், குவேக்கர் சமூகத்தார் நடத்திய பள்ளியொன்றின் மாணவர்கள் 1777இலேயே ‘ஸ்டூடண்ட்ஸ் கெசட்’ என்ற பெயரில் ஒரு தாளை வெளியிட்டனர். அந்நாடு விடுதலைப் போரில் ஈடுபட்டிருந்த காலம் அது. அத்தாள் கையாலேயே எழுதப்பட்டது. கையெழுத்துப் பிரதி நடத்திய அனுபவம் இங்கே வந்திருக்கும் மூத்தவர்கள் சிலருக்கும் உண்டு. ஒரே ஒரு படியை எழுதி, ஓரத்தில் வண்ணக் கோடுகள் வரைந்து, நூலகத்தில் வைத்து, படித்தவர்களிடம் பின்பக்கத்தில் கருத்தெழுதி வாங்கிய அந்த வழக்கம் தமிழூர்களில் நெடுங்காலம் நிலவியது. அதன் பின்னர்த் தட்டச்சில் மெழுகுத்தாள் வெட்டி, சைக்ளோஸ்டைல் பொறியில் உருட்டிய காலமும் வந்து போயிற்று. ஆகவே பிள்ளைகள் கேட்பது இவ்வூர் அறியாத ஒன்றை அன்று.

இனி மூன்றாவது கேள்விக்கு வருகிறோம். இக்கேள்வி உயர்நீதிமன்றம், உச்சநீதிமன்றம் வரை சென்று வாதிக்கப்பட்ட நாடு அமெரிக்கா என்பதால், அங்கே நடந்த இரண்டு நிகழ்வுகளைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறோம். அந்நாட்டின் சட்டம் நமக்குரியதன்று. ஆனால் ஒரு தலைமையாசிரியருக்கும் பதினாறு வயதுச் செய்தியாளருக்கும் இடையில் என்ன நேரும் என்பது எல்லா ஊருக்கும் ஏறத்தாழ ஒன்றே.

மிசௌரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகரை அடுத்து ஹேசல்வுட் ஈஸ்ட் என்னும் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. அப்பள்ளியில் இதழியலை ஒரு பாடமாகவே கற்பித்தனர். அவ்வகுப்பு மாணவர்கள் ‘ஸ்பெக்ட்ரம்’ என்னும் செய்தித்தாளை ஏறத்தாழ மூன்று வாரத்திற்கு ஒரு முறை வெளியிட்டு வந்தனர். 1982-83 கல்வியாண்டில் அதன் அச்சுச் செலவு 4,668 டாலர் 50 சென்ட். விற்பனையில் திரும்பி வந்தது 1,166 டாலர் 84 சென்ட். எஞ்சியதைப் பள்ளி வாரியம் ஏற்றது. செலவுக் கேள்வி எழுப்பிய பொருளாளர் அவர்கள் இக்கணக்கைக் குறித்துக்கொள்ளலாம்: அந்த வளமான நாட்டிலும் மாணவர் செய்தித்தாள் தன் செலவில் நான்கில் ஒரு பங்கையே விற்பனையில் ஈட்டியது.

1983 மே மாதம், அவ்வாண்டின் கடைசி இதழ் ஆயத்தமாயிற்று. வழக்கப்படி அச்சுப்படி தலைமையாசிரியரின் மேசைக்குச் சென்றது. அதில் இரு கட்டுரைகள் அவரைத் துணுக்குறச் செய்தன. ஒன்று, அப்பள்ளியிலேயே படித்துக்கொண்டு தாய்மையுற்றிருந்த மாணவியர் மூவரின் அனுபவம் பற்றியது. பெயர்கள் மாற்றப்பட்டிருந்தன, எனினும் விவரங்களைக் கொண்டு அவர்கள் யாரென்று மற்றவர் அறிந்துவிடுவர் என அவர் அஞ்சினார். பள்ளியின் இளைய மாணவர்களுக்கு அக்கட்டுரையின் சில பகுதிகள் பொருந்தா எனவும் கருதினார். மற்றொன்று, பெற்றோரின் மணமுறிவு பற்றியது. அதில் ஒரு மாணவி தன் தந்தையைப் பற்றிக் குறை கூறியிருந்தாள். அத்தந்தையிடம் அவர் தரப்பைக் கேட்டிருக்க வேண்டாமா என்பது தலைமையாசிரியரின் எண்ணம். அம்மாணவியின் பெயரை ஆசிரியர் இறுதிப் படியில் நீக்கிவிட்டிருந்தார் என்பது அவருக்குத் தெரியாது.

கல்வியாண்டு முடிய நாள்கள் சிலவே இருந்தன. திருத்தி அமைக்க நேரமில்லை, தாமதித்தால் இதழே வெளிவராது என்று கருதிய அவர், அக்கட்டுரைகள் இடம்பெற்ற இரண்டு பக்கங்களையும் முழுமையாக எடுத்துவிட ஆணையிட்டார். ஆறு பக்கத் தாள் நான்கு பக்கமாயிற்று. அவ்விரு பக்கங்களில் இருந்த, எவரும் எந்தக் குறையும் கூறாத வேறு கட்டுரைகளும் உடன் போயின. எழுதிய மாணவர்களிடம் ஒரு சொல்லும் சொல்லப்படவில்லை. அச்சிட்ட தாள் கைக்கு வந்தபோதுதான் அவர்கள் அறிந்தனர்.

மாணவியர் மூவர் வழக்குத் தொடுத்தனர். கீழ் நீதிமன்றம் பள்ளியின் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் மாணவியர் வென்றனர். 1988 ஜனவரி 13ஆம் நாள் அந்நாட்டு உச்சநீதிமன்றம் ஐவருக்கு மூவர் என்ற கணக்கில் மீண்டும் பள்ளியின் பக்கமே தீர்ப்பளித்தது. பள்ளி தன் பெயரில் நடத்தும் தாளின் மொழியையும் உள்ளடக்கத்தையும், கல்வி நோக்கத்தோடு பொருந்தக்கூடிய காரணம் இருக்குமாயின், பள்ளி கட்டுப்படுத்தலாம் என்பது தீர்ப்பின் சாரம். நீதியரசர் பிரென்னன் உள்ளிட்ட மூவர் மாறுபட்டனர். அதற்கு முன் 1969இல், வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புக் கைப்பட்டை அணிந்த டெ மொய்ன் நகர மாணவர்களின் வழக்கில் அதே நீதிமன்றம் மாணவர் பக்கம் நின்றிருந்ததை எண்ணிப் பார்த்தால், அக்கேள்வி எவ்வளவு சிக்கலானது என்பது புலப்படும்.

தலைமையாசிரியரின் அச்சத்தில் நியாயமே இல்லை என்று நாங்கள் கூற மாட்டோம். தந்தையின் தரப்பைக் கேளாமல் அச்சிடுவது தவறு என்பதை எந்த நல்ல செய்தியாளரும் ஒப்புவார். நாம் பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள். பெயரை மாற்றினாலும் ஊர் அறிந்துகொள்ளும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கடைசி நாளில் பார்த்தது, காரணம் கூறாதது, பழுதற்ற கட்டுரைகளையும் சேர்த்து வெட்டியது ஆகிய மூன்றும் அந்நியாயத்தைக் கெடுத்தன என்பது எங்கள் கருத்து. ஒரு வாரம் முன்னதாக அம்மாணவர்களை அழைத்து, “இந்தத் தந்தையிடம் பேசினீர்களா?” என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஒரு கட்டுரையாவது திருந்தியிருக்கும். ஐந்தாண்டு வழக்கும் நேர்ந்திராது.

அத்தீர்ப்புக்குப் பின் அமெரிக்காவில் பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்கள் மாணவர் செய்தித்தாளுக்குக் கூடுதல் பாதுகாப்பு அளித்துத் தாமே சட்டம் இயற்றின. கேன்சஸ் மாநிலம் 1992இல் அவ்வாறு ஒரு சட்டம் கொணர்ந்தது. சர்ச்சைக்குரிய பொருள் என்ற ஒரே காரணத்துக்காக மாணவர் எழுத்தைத் தடுக்கலாகாது. அவதூறு, ஆபாசம் போன்றவற்றிற்கு அச்சட்டத்தில் இடமில்லை. உள்ளடக்கத்துக்கு மாணவ ஆசிரியர்களே பொறுப்பு. அதனைப் பள்ளியின் கொள்கையாகக் கருதலாகாது என்பன அதன் முக்கியக் கூறுகள்.

அச்சட்டம் நடைமுறையில் என்ன செய்தது என்பதை 2017இல் உலகம் கண்டது. கேன்சஸின் பிட்ஸ்பர்க் என்னும் சிற்றூரின் உயர்நிலைப் பள்ளிக்கு மார்ச் மாதம் 6ஆம் நாள் புதிய தலைமையாசிரியர் ஒருவர் நியமிக்கப்பட்டார். அவரை வரவேற்று ஓர் அறிமுகக் கட்டுரை எழுதலாம் என்றுதான் ‘பூஸ்டர் ரீடக்ஸ்’ என்னும் மாணவர் தாளின் செய்தியாளர்கள் தொடங்கினர். பெயர், படிப்பு, பணியாற்றிய இடங்கள் என வழக்கமான விவரங்களைத் திரட்டினர். முதுகலைப் பட்டமும் முனைவர் பட்டமும் பெற்றதாக அவர் கூறிய பல்கலைக்கழகத்தைத் தேடியபோது, அதற்கு முறையான அங்கீகாரம் இருந்ததற்குச் சான்று கிட்டவில்லை. அவரிடமே கேட்டனர். விடைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. மாணவர் தாளுக்குப் பொறுப்பான ஆசிரியை, அந்த நியமனத்துக்கான தேர்வுக் குழுவில் இருந்தவர். ஆதலின் அவர் இக்கட்டுரையின் நெறியாளராக இருக்க மறுத்து ஒதுங்கிக்கொண்டார். மாநில மாணவர் இதழியல் சங்கத்தைச் சார்ந்த வெளியார் ஒருவர் பிள்ளைகளுக்கு வழிகாட்டினார். மார்ச் 31ஆம் நாள் கட்டுரை வெளிவந்தது. தொடக்கத்தில் கல்வி நிர்வாகம் புதியவரின் பக்கமே நின்றது. ஏப்ரல் 4ஆம் நாள் அவர் பதவி விலகினார். வாரியம் அதனை ஏற்றது.

இந்நிகழ்வைக் கேட்டதும் நம் நிர்வாகக் குழுவில் ஒருவர், “அப்படியானால் பிள்ளைகள் நம்மையும் துருவுவார்களே!” என்றார். சிரிப்பு எழுந்தது. ஆனால் அவர் கூறியதில் உள்ளபடியே ஒரு கவலை இருந்தது. நம் பள்ளி நன்கொடையால் நடப்பது. வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் மாதந்தோறும் அனுப்பும் தொகையால் புதிய வகுப்பறைகள் எழுந்திருக்கின்றன. குடிநீர்த் தொட்டி மூன்று வாரமாகத் தூய்மை செய்யப்படவில்லை என்று மாணவர் தாளில் ஒரு செய்தி வந்தால், அது கைபேசியில் படமெடுக்கப்பட்டு அன்று மாலையே துபாய்க்கும் கோலாலம்பூருக்கும் போய்விடும். நன்கொடையாளர் என்ன நினைப்பார்? இக்கவலையை நாங்கள் இலேசாகக் கருதவில்லை.

எங்கள் விடை இதுவே. தொட்டி தூய்மையாக இல்லையெனில் அது வீட்டுக்கு வீடு ஏற்கெனவே பேசப்படும் செய்தி. பேச்சில் மூன்று வாரம் மூன்று மாதமாகும்; ஒரு தொட்டி எல்லாத் தொட்டியும் ஆகும். செய்தியாகும்போது மாணவர் நாள் குறிக்க வேண்டும், தொட்டியைக் கண்ணால் பார்க்க வேண்டும், பராமரிப்பவரைக் கேட்க வேண்டும், தாளாளரைக் கேட்க வேண்டும். தாளாளர் “இவ்வாரம் தூய்மை செய்யப்படும்” என்பாராயின், அந்த விடையும் அதே செய்தியில் அச்சாகும். அதைப் படிக்கும் நன்கொடையாளர் பேச்சைக் கேட்டவரைவிட நல்ல நிலையிலேயே இருப்பார்.

ஆகவே எங்கள் பரிந்துரை: அச்சுக்கு முன் நிர்வாகக் குழு பார்த்து ஒப்புதல் தரும் முறை வேண்டாம். பொறுப்பாசிரியர் ஒருவர் பார்ப்பார். அவர் தடுக்க விரும்பினால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். தடுப்பது அந்தக் கட்டுரையை மட்டுமே, பக்கத்தை அன்று. தடுக்கும் காரணங்களும் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட வேண்டும். சரிபார்க்கப்படாத குற்றச்சாட்டு, ஒருவரின் தனிவாழ்வை வெளிப்படுத்துதல், சட்டம் தடுப்பவை ஆகியவற்றுக்கு மேல் நான்காவது ஒன்று எங்களுக்குத் தோன்றவில்லை. ‘பள்ளிக்குப் பெருமை தராதது’ என்பதனை ஒரு காரணமாகச் சேர்க்க வேண்டுமென ஓர் உறுப்பினர் விரும்பினார். அதைச் சேர்த்தால் மற்ற மூன்றும் தேவைப்படாமலே போய்விடும் என்பதால் நாங்கள் இசையவில்லை. பொறுப்பாசிரியரே தொடர்புடைய செய்தியாயின், கேன்சஸ் ஆசிரியை செய்ததுபோல், அவர் விலகி மற்றோர் ஆசிரியர் பார்க்க வேண்டும்.

சட்டம் தடுப்பவை என்றோம். அவற்றுள் இரண்டைப் பெற்றோர் அறிந்திருப்பது நன்று. 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, குற்றத்தில் சிக்கிய அல்லது பாதிக்கப்பட்ட சிறாரின் பெயர், முகவரி, பள்ளி ஆகியவற்றை வெளியிடுவதைத் தடை செய்கிறது; பாலியல் குற்றங்களுக்கு உள்ளான சிறாரைப் பற்றி 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும் அவ்வாறே கூறுகிறது. பள்ளிப் பிள்ளைகள் எழுதும் தாளுக்கு இது பெரிதும் பொருந்தும். அவதூறு 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் குற்றமே. இதழ்ப் பதிவுக்கு 1867ஆம் ஆண்டின் பழைய சட்டம் போய், 2023ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்துள்ளது. ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று அச்சிடுவது தமிழ்ச் சிற்றிதழ்களின் நெடுநாள் வழக்கம்; நம் தாளுக்கு அது போதுமா என்பதை நம் ஜமாஅத்தின் வழக்கறிஞர்கள் பார்த்துச் சொல்ல வேண்டுகிறோம்.

எழுதும் முறை பற்றிச் சில சொற்கள். நம் விழாச் செய்திகளைப் பாருங்கள். “பள்ளியில் சுதந்திர தின விழா வெகு விமரிசையாகக் கொண்டாடப்பட்டது” என்று தொடங்கும். பிறகு தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், வாழ்த்துரை வழங்கியவர், நன்றி நவின்றவர் என ஒரு பட்டியல். மேடையில் இருந்தவர்கள் தவிர எவரும் அதனைப் படிப்பதில்லை; அவர்களும் தம் பெயர் வரும் வரியையே படிப்பர். (இம்மன்றத்தின் ஆண்டறிக்கைக்கும் இது பொருந்தும் என்பதைப் பணிவுடன் குறிப்பிடுகிறோம்.) அன்று ஊர்வலத்தில் ஒரு சிறுவன் மயங்கி விழுந்தான், அதன்பின் வெயிலில் நிற்கும் நேரம் குறைக்கப்பட்டது என்றால், செய்தி அங்கிருந்து தொடங்க வேண்டும். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்னும் வினாக்களுள் முக்கியமானவற்றுக்கு முதல் இரண்டு வாக்கியத்திலேயே விடை இருக்க வேண்டும். இடம் போதாமல் அடியிலிருந்து வெட்டினாலும் செய்தி சாகாது.

தமிழுக்கே உரிய ஓர் ஆபத்தும் உண்டு. ‘கூறப்படுகிறது’, ‘தெரிகிறது’, ‘நம்பப்படுகிறது’ என்று முடித்துவிட்டால் கூறியவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. நம் மொழி இதற்கு மிகவும் இடங்கொடுக்கிறது. பிள்ளைகளிடம் இம்மூன்று சொற்களையும் ஓராண்டு தொடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறோம். இன்று கைபேசியில் இரண்டு வரி கேட்டால் பத்தி பத்தியாகச் செய்தி எழுதித் தரும் செயலிகள் வந்துவிட்டன. அவற்றுக்கும் இதே விதிதான்: குறிப்பேட்டில் இல்லாத, ஒருவரிடம் கேட்டுப் பெறாத எதுவும் தாளில் வரலாகாது.

அவன், அவர் என்னும் வழக்கும் முடிவு செய்யப்பட வேண்டியதே. தமிழ் நாளேடுகளில் பெரிய மனிதர் ‘அவர்’ ஆகவும் பிடிபட்டவர் ‘அவன்’ ஆகவும் எழுதப்பட்ட காலத்தை நாம் அறிவோம். மாணவர் தாளில் தாளாளர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை, ஆறாம் வகுப்புச் சிறுவன் உட்பட, அனைவரும் ‘அவர்’ என்றே வரட்டும் என்பது பிள்ளைகளே எடுத்த முடிவு. எங்களுக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

பெயர்கள் நம் ஊரில் தனியொரு தலைவலி. காதர், காதிர், காதிறு. பாத்திமா, ஃபாத்திமா, பாத்துமா. பதிவேட்டில் ஆங்கிலத்தில் ஒன்று, வீட்டில் வேறொன்று. ஒரே வகுப்பில் முஹம்மது என்று தொடங்கும் பெயர்கள் எத்தனை என்பதை ஆசிரியர்கள் அறிவர். பெயருக்குரியவரிடமே எழுதி வாங்க வேண்டும்; வகுப்பும் பிரிவும் சேர்த்து அச்சிட வேண்டும். தவறான ஒரு முஹம்மதுவின் பெயர் தண்டிக்கப்பட்டவர் பட்டியலில் வந்துவிட்டால், அடுத்த இதழின் திருத்தம் அந்த வீட்டை ஆற்றாது. திருத்தத்துக்கென முதல் பக்கத்திலேயே நிலையான ஓரிடம் ஒதுக்குவதாகப் பிள்ளைகள் கூறியுள்ளனர். பெரிய நாளேடுகள் சிலவும் செய்யாத செயல் இது.

மரணச் செய்தியை எழுதும் திறமும் மாணவருக்கு வேண்டுமா என்று கேட்கலாம். 2018 பிப்ரவரி 14ஆம் நாள் புளோரிடா மாநிலத்தின் பார்க்லேண்டில் ஒரு பள்ளியில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் பதினேழு பேர் மாண்டனர். அப்பள்ளியின் ‘ஈகிள் ஐ’ என்னும் மாணவர் தாள், இறந்த பதினேழு பேரைப் பற்றியும் தனித்தனியே வாழ்க்கைக் குறிப்பு எழுதி வெளியிட்டது. அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு அறிவிப்பு விழாவின் தொடக்கத்தில் அக்குறிப்புகள் குறிப்பிட்டுப் பாராட்டப்பட்டன. இழந்தவர்களே எழுதியவை அவை. நம் பள்ளியின் பழைய வாயிற்காவலர் காலமானபோது ஆண்டு மலரில் ஒரு கறுப்புக் கட்டமும் ‘ஆழ்ந்த இரங்கல்’ என்ற இரு சொற்களும் வந்தன. முப்பது ஆண்டுகள் அவர் அந்த வாயிலில் என்ன பார்த்தார் என்பதை எழுத ஒருவரும் இருக்கவில்லை.

அச்சு வேலையைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறோம். ஏ3 தாளை ஒரு முறை மடித்தால் ஏ4 அளவில் நான்கு பக்கம்; அதனால்தான் நான்கு பக்கம். கணினியில் ஒருங்குறி எழுத்துருவிலேயே தட்டச்சு செய்வர். ஆனால் சில அச்சகங்களில் இன்னும் பழைய எழுத்துருக்களே புழங்குகின்றன. மாற்றும்போது ‘கொ’ என்பது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் எனச் சிதறும். எனவே அச்சகத்தார் கோப்பைத் திறந்த பின் எடுத்த படியையே இறுதி மெய்ப்பாகப் பார்க்க வேண்டும், நம் கணினியில் எடுத்ததை அன்று. மெய்ப்பைப் பார்ப்பது இருவர் வேலை: ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, மற்றவர் மெய்ப்பில் விரல் வைத்துத் தொடர வேண்டும். தலைப்பில் உள்ள பிழையைத்தான் எல்லோரும் தவறவிடுவர். கண் பெரிய எழுத்தைப் படித்ததாகவே எண்ணிக்கொள்ளும். படமெடுக்கும்போது உரியவரின் இசைவு வேண்டும். மாணவியர் படத்துக்குப் பெற்றோரின் இசைவும் வேண்டும் என்பது இவ்வூரின் முறைக்கேற்பச் சேர்த்த விதி.

செலவுக்கு வழி உண்டு. ஊரின் கடைகளில் விளம்பரம் வாங்கலாம். ஆனால் விளம்பரம் கேட்கச் செல்பவர் வேறு, செய்தி கேட்கச் செல்பவர் வேறாக இருத்தல் வேண்டும். விளம்பரம் தந்த பேக்கரியின் பன்னில் எறும்பு இருந்தது என்பதைப் பின்னர் எழுத நேர்ந்தால், எழுதுபவர் கூச்சப்படலாகாது. பற்றாக்குறையை முதல் ஆண்டுக்குக் கல்வி நிதியிலிருந்து ஏற்குமாறு வேண்டுகிறோம். படிப்பைப் பொறுத்தவரை, பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பினர் இதில் சேர்க்கப்படவில்லை. தேர்வு மாதங்களில் தாள் வெளிவராது.

ஆசிரியர் குழுவில் மாணவியர் பாதியளவு இருக்கின்றனர். விண்ணப்பத்தை எழுதியவரே ஒரு மாணவிதான். நடையைக் கண்டு நாங்கள் ஓர் ஆசிரியர் எழுதியதென நினைத்தோம். பள்ளி நேரத்துக்குப் பின் அவர்கள் வெளியே சென்று பேட்டி எடுக்க வேண்டியதில்லாதவாறு, செவ்வாய், வியாழன் நாள்களில் கடைசிப் பாடவேளையை இதற்கு ஒதுக்கித் தருவதாகத் தலைமையாசிரியர் அவர்கள் இசைந்துள்ளார்.

முதல் இதழுக்கான செய்திகளை அவர்கள் முன்னரே திரட்டத் தொடங்கிவிட்டனர். பேருந்து நேரம் மாறியதால் கிழக்குத் தெருப் பிள்ளைகள் முதல் பாடவேளையை இழப்பது பற்றி ஒன்று. நூலகத்தில் ஒருமுறையும் எடுக்கப்படாத நூல்கள் எவை என்பது பற்றி ஒன்று. குடிநீர்த் தொட்டி பற்றியும் ஒன்று இருக்கிறது. தாளாளர் அவர்களிடம் வினாக்கள் எழுத்தில் தரப்பட்டுள்ளன, விடை வரும் வெள்ளிக்கிழமைக்குள் தேவைப்படுகிறது. கணினி அறையின் சாவி மாலை மூன்றரை மணிக்கே அலுவலகத்துக்குப் போய்விடுகிறது. நான்கரை வரை அதனைப் பொறுப்பாசிரியரிடம் வைக்க இக்கூட்டம் இசைவு தர வேண்டும். இனி உறுப்பினர்களின் கேள்விகளுக்கு விடையளிக்கக் காத்திருக்கிறோம்.